மாமரத்தில் நூலாம்படை: மருந்து வாங்கும் முன்

கேள்வி: வீட்டு மாமரத்தில் இலைகள் கொத்துக் கொத்தாக ஒட்டி, நூலாம்படை படர்ந்து, காய்ந்து தொங்குகின்றன. போனில் படம் எடுத்துத் தேடினால் அமெரிக்க வலைப்புழு என்று வருகிறது. மருந்துக் கடையில் சொன்னதும் பெரிய கேனிலிருந்து சின்ன பாட்டிலில் ஊற்றி 350 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். லேபிள் இல்லை, பில்லும் இல்லை. அடிக்கலாமா?
- ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அடிக்கவே வேண்டாம். பாட்டிலைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

போன் சொன்ன புழு வட அமெரிக்காவைச் சேர்ந்தது. நம் ஊர் மாமரத்தில் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் இலை பிணைக்கும் புழு. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர்களுக்கும் இந்தத் தொல்லை பழக்கம்தான். ஒரு கொத்தை ஒடித்துப் பிரித்துப் பாருங்கள். நூலுக்குள் மிளகுத்தூள் மாதிரி எச்சம் கிடக்கும். பச்சையைச் சுரண்டித் தின்றதில் இலை சல்லடையாகி நரம்பு மட்டும் நிற்கும். புழுவைத் தொட்டால் விருட்டென்று நெளிந்து பின்வாங்கும்.

இலைகள் காயாமல் பச்சையாகவே இருந்து, வெள்ளை நூலால் பந்து போலத் தைத்திருந்தால் அது முசுறு எறும்புக் கூடு. கடி பொறுக்க முடியாதுதான், ஆனாலும் விட்டுவிடுங்கள். புழுவைப் பிடித்துத் தின்பதே அதுதான். கூட்டைப் பார்த்துப் பயந்து மருந்தடித்து, மரத்துக்கு இருந்த காவலையும் இழந்தவர்கள் நிறைய.

புழுதான் என்றால் தொரட்டியால் கொத்துகளை அறுத்து எரித்துவிடுங்கள். மருந்து அடிப்பதானாலும் இது முதலில் நடக்க வேண்டும். நூலுக்குள் மருந்து சரியாக இறங்காது. அடர்ந்த கிளைகளைக் கழித்து வெயில் பட விடுங்கள். தூரைச் சுற்றி மண்ணையும் கொத்திவிடலாம்.

அப்புறமும் வந்தால் வேம்பு மருந்து போதும். வாங்கும்போது அசாடிராக்டின், அதாவது பூச்சியை அடக்கும் வேம்புச் சத்து, எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று பாருங்கள். 1500-ம் உண்டு, 10,000-ம் உண்டு. விலையை அதோடு சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். கலக்கும் அளவும் அதற்கேற்ப மாறும், லேபிளில் உள்ளபடியே கலக்குங்கள்.

1968-ஆம் ஆண்டு பூச்சிமருந்துச் சட்டப்படி மருந்து விற்க உரிமம் வேண்டும். சீல் உடைத்து, லேபிள் இல்லாமல் சில்லறையாக ஊற்றி விற்கக் கூடாது. லேபிளில் பேட்ச் எண், காலாவதி தேதி, நச்சின் அளவைக் காட்டும் வண்ண முக்கோணம் எல்லாம் இருக்க வேண்டும். சிவப்பு முக்கோணம் கடும் விஷம். வீட்டு வாசல் மரத்துக்கு அதை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதியலாம். புழு எதுவென்று இன்னும் சந்தேகம் இருந்தால், நூலோடு ஒரு கொத்தைக் கவரில் கட்டி அதே அலுவலகத்துக்கு எடுத்துப் போங்கள்.