இடிந்ததா, இடித்தார்களா? – ஆங்கிலச் சொல் கேள்வி பதில்

'தி பில்டிங் வாஸ் கொலாப்ஸ்ட்' என்று எழுதியதில் 'வாஸ்' தவறு என்று அடித்துவிட்டார்கள். 'வாஸ் டெமாலிஷ்ட்' மட்டும் எப்படிச் சரியாகும்?
– போட்டித் தேர்வு மாணவி, விருதுநகர்

அடித்தது சரிதான். காரணத்தைத் தமிழிலேயே பார்க்கலாம். 'இடிந்தது', 'இடித்தார்கள்' இரண்டுக்கும் வேர் ஒன்று. நடுவில் 'ந்த்' வந்தால் தானாக விழுந்தது, 'த்த்' வந்தால் யாரோ விழவைத்தது. சரிந்தது–சரித்தது, முறிந்தது–முறித்தது எல்லாம் இதே கணக்கு. நொறுங்கியது–நொறுக்கியது என்பதில் அதே வேலையை 'ங்க்', 'க்க்' செய்கின்றன. ஆங்கில வினையில் இப்படி ஓர் எழுத்தை மாற்றிக் காட்டுவது அரிது. பெரும்பாலும் சொல்லையே மாற்ற வேண்டும்.

சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். அதற்கு 'தி பில்டிங் கொலாப்ஸ்ட்'. பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதற்கு 'வாஸ் டெமாலிஷ்ட்'. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால், 61 உயிர் போன கட்டடத்தை யாரோ திட்டமிட்டு இடித்ததாகப் பொருள் வந்துவிடும். இலக்கணப் பிழை என்று மட்டும் இதை ஒதுக்க முடியாது.

நோட்டில் மூன்று பத்தி பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் தானாக விழுபவை: கொலாப்ஸ், கேவ் இன், பெரிஷ். இரண்டாவதில் விழவைப்பவை: டெமாலிஷ், டெஸ்ட்ராய், ரேஸ் (தரைமட்டமாக்குவது), டெவஸ்டேட். மூன்றாவதில் இரண்டுக்கும் வருபவை: பிரேக், ஷாட்டர், ஸ்மாஷ், கிராஷ், சிங்க், பர்ன். முதல் பத்திச் சொல்லுக்கு முன் 'வாஸ்' வேண்டாம். 'கொலாப்ஸ்'க்கு ஒரு விதிவிலக்கு உண்டு: மடக்கு நாற்காலி, குடை போன்றவற்றை மடக்குவதற்கும் அதே சொல்தான். 'வாஸ் கொலாப்ஸ்ட்' என்று கட்டடத்தைச் சொன்னால் அதை யாரோ மடக்கி வைத்தது போல் கேட்கும்.

தமிழர்கள் அதிகம் சறுக்குவது இரண்டாம் பத்தியில். 'ஊர் அழிந்தது' என்பதை அப்படியே 'தி டவுன் டெஸ்ட்ராய்டு' என்று எழுதிவிடுகிறோம். படிப்பவர், அந்த ஊர் எதை அழித்தது என்று தேடுவார். 1964 டிசம்பர் புயலைப் பற்றி எழுதினால் 'தனுஷ்கோடி வாஸ் டெஸ்ட்ராய்டு' என்றோ, புயலை எழுவாயாக்கி 'தி சைக்ளோன் டெஸ்ட்ராய்டு தனுஷ்கோடி' என்றோ எழுதுங்கள். அங்கே இன்றும் நிற்கும் தேவாலயச் சுவர்கள் 'ரூயின்ஸ்'. இந்தப் பொருளில் பன்மையாகத்தான் பெரும்பாலும் வரும்.

வெள்ளத்தில் வீடு போனதற்கு நிவாரண மனு எழுதுகிறேன். 'ஃபுல்லி டேமேஜ்டு' சரியா?
– வாசகர், கடலூர்

அரசுப் படிவத்தில் அப்படி அச்சாகியிருந்தால் மாற்றாதீர்கள். அது அவர்கள் வகைப்பாடு. நீங்களாக எழுதும் கடிதத்தில், வீடே இல்லை என்றால் 'வாஸ் டெஸ்ட்ராய்டு'. சுவர் நின்று கூரை போயிருந்தால் 'வாஸ் பேட்லி டேமேஜ்டு'. எது எது போனது என்று சொல்லும்போது 'டேமேஜ் டு தி ரூஃப்' என்று 'டு' போடுங்கள், 'ஆஃப்' வேண்டாம்.

முக்கியமாக, 'டேமேஜஸ்' என்று பன்மையில் எழுத வேண்டாம். நீதிமன்றம் வாங்கித்தரும் இழப்பீட்டுத் தொகைக்குத்தான் அந்தச் சொல். எத்தனை பொருள் சேதமானாலும் சேதம் 'டேமேஜ்'தான். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் இந்த ஓர் எழுத்து தேவையில்லாத குழப்பத்தைக் கொண்டுவரும்.

நொய்டா இரட்டைக் கோபுரத்தை இடித்தபோது 'இம்ப்ளோஷன்' என்றார்கள். வெடித்தது என்றால் 'எக்ஸ்ப்ளோஷன்' அல்லவா?
– பொறியியல் மாணவர், கோவை

'எக்ஸ்' வெளியே, 'இம்' உள்ளே. பட்டாசு வெளிநோக்கிச் சிதறுகிறது, எக்ஸ்ப்ளோஷன். 2023 ஜூனில் டைட்டானிக் கிடக்கும் இடத்தை நோக்கி இறங்கிய டைட்டன் நீர்மூழ்கியைக் கடல்நீரின் அழுத்தம் வெளியிலிருந்து நெரித்து உள்நோக்கி நொறுக்கியது. சொல்லின் நேர்ப்பொருளுக்கு இதுவே சரியான உதாரணம்.

நொய்டாவில் 2022 ஆகஸ்ட் 28 அன்று சுமார் 3,700 கிலோ வெடிமருந்து பயன்பட்டது. ஆனால் கட்டடத்தை வீழ்த்தியது அதன் சொந்த எடை. வெடிமருந்தின் வேலை தூண்களை வெட்டிவிடுவது. எல்லாத் தூணும் ஒரே கணத்தில் போகாதபடி சிறு இடைவெளி விட்டு வெடிக்கவைப்பார்கள். முதலில் நடுப்பகுதி இறங்கும், ஓரங்கள் அதை நோக்கிச் சாயும். அப்படி உள்ளே மடிந்து விழுவதால் அந்தப் பெயரை இரவல் வாங்கிக்கொண்டார்கள்.

'ரெய்ஸ்டு டு தி கிரவுண்ட்' என்று படித்தேன். உயர்த்துவது எப்படித் தரைக்கு?
– ஆசிரியர், திருநெல்வேலி

எழுத்துப்பிழை. இரண்டு சொல்லும் காதுக்கு ஒன்றே. 'ஐ', 'எஸ்' இருந்தால் உயர்த்துவது, 'இசட்' இருந்தால் தரைமட்டமாக்குவது. சவரக்கத்தியான 'ரேசர்' இதன் உறவுக்காரச் சொல். மழித்தெடுப்பது என்று நினைவில் வையுங்கள். அதேபோல் 'ரெக்ட் ஹேவக்' என்றும் எழுதுகிறார்கள். 'ரீக்ட் ஹேவக்' என்பதே சரி. 2018 கஜா புயல் டெல்டா தென்னந்தோப்புகளைச் சூறையாடியதைச் சொல்ல இது பொருத்தம். 'ஹேவக்'குக்கு முன் 'எ' வராது.

கிரிக்கெட் செய்தியில் 'கொலாப்ஸ்', 'டிபாக்கிள்' இரண்டும் ஒன்றா?
– வாசகர், யாழ்ப்பாணம்

இல்லை. 2020 டிசம்பரில் அடிலெய்டில் இந்திய அணி 36 ரன்னில் சுருண்டது. விக்கெட்டுகள் மளமளவென விழுந்த அந்த நேரம் 'பேட்டிங் கொலாப்ஸ்'. 'டிபாக்கிள்' என்பது எடுத்த காரியமே கேவலமாகத் தோற்றுப்போவது. அந்தத் தொடரை இந்தியா 2–1 என வென்றதால் அதை டிபாக்கிள் என்றால் பொய். உறைந்த ஆற்றில் பனி உடைந்து பெருக்கெடுப்பதற்கான பிரெஞ்சுச் சொல் இது. இப்போது மனித முயற்சிகளின் தோல்விக்கே வருகிறது. நிலநடுக்கத்துக்குப் போடாதீர்கள்.

'டெசிமேட்' என்றால் பத்தில் ஒன்றா, முழு அழிவா?
– வாசகர், மதுரை

கலகம் செய்த படையில் பத்துக்கு ஒருவரைச் சீட்டுப்போட்டுக் கொல்வது ரோமானியத் தண்டனை. இன்று பெரும்பகுதி அழிவது என்று பொருள், அகராதிகளும் ஏற்கின்றன. 'கம்ப்ளீட்லி டெசிமேட்டட்' என்று மட்டும் எழுத வேண்டாம். பெரும்பகுதி என்றால் மிச்சம் இருக்கிறது.

நீலகிரி அவலாஞ்சியில் பனிச்சரிவா நடந்தது?
– வாசகி, குன்னூர்

மண்சரிவு. அந்தக் காலத்து ஆங்கிலேயர் மண் சரிந்ததற்கும் 'அவலாஞ்ச்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார்கள், அது ஊர்ப்பெயராக நின்றுவிட்டது. இன்று வெறுமனே 'அவலாஞ்ச்' என்றால் பனிதான். 2024 ஜூலை 30 வயநாடு பேரழிவு 'லேண்ட்ஸ்லைடு'. சாலையோரம் சிறிதாகச் சரிந்தால் 'லேண்ட்ஸ்லிப்'. உவமையாக வரும்போதும் இடம் மாறக்கூடாது: தேர்தல் வெற்றிக்கு 'லேண்ட்ஸ்லைடு', வந்து குவியும் புகார்களுக்கு 'அவலாஞ்ச்'.