வகுப்பு முடிந்த பிறகுதான் முகாம் ஆரம்பிக்கிறது

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. ஆங்கிலத்தில் நல்ல மார்க் வாங்குகிறாள், கதைப் புத்தகங்கள்கூடப் படிக்கிறாள். ஆனால் யாராவது ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் உடனே என் முகத்தைப் பார்க்கிறாள். இந்தக் கோடை விடுமுறையில் இரண்டு வாரம் தங்கிப் படிக்கும் ஆங்கில முகாமில் சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன். 'பதினான்கே நாளில் சரளமான ஆங்கிலம்' என்கிறது விளம்பரம். என் கணவரோ, "இத்தனை வருஷம் படித்து வராதது இரண்டு வாரத்தில் வந்துவிடுமா?" என்கிறார். அவள் ஒரு நாள்கூட எங்களைப் பிரிந்து தங்கியதில்லை. அனுப்பலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன், விளம்பரத்துக்கும் அதுவே பதிலாகிவிடும்.

ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் உண்டு. ஏ2 படியை எட்ட மொத்தம் 180 முதல் 200 மணி நேரப் பயிற்சி வேண்டும், அடுத்த படியான பி1-க்கு 350 முதல் 400 மணி நேரம் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு தரும் தோராயக் கணக்கு. முகாம்களில் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் வகுப்பு இருப்பது வழக்கம். இரண்டு வாரத்துக்கு முப்பது மணி. இதில் ஒரு முழுப் படி ஏறுவதே நடக்காது, சரளம் எங்கிருந்து வரும்? விளம்பரத்தின் அந்த வரியை மறந்துவிடுங்கள்.

ஆனால் உங்கள் மகளுக்குக் குறைவது வகுப்பு இல்லையே. இலக்கணமும் சொற்களும் அவளிடம் போதுமான அளவு இருக்கின்றன. பேசியே ஆக வேண்டிய நிலைதான் அவளுக்கு இதுவரை வரவில்லை. பதில் வராவிட்டால் பக்கத்தில் அம்மா இருக்கிறார். கனடாவில் வீட்டில் ஆங்கிலம் பேசி, பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்த பிள்ளைகளை ஆராய்ந்த மொழியியலாளர் மெரில் ஸ்வெய்ன் 1985-இல் எழுதியதும் இதையொட்டித்தான். பல வருடம் பிரெஞ்சிலேயே பாடம் கேட்ட அந்தப் பிள்ளைகளுக்குக் கேட்பதெல்லாம் நன்றாகப் புரிந்தது. பேச்சிலும் எழுத்திலும் மட்டும் பின்தங்கியிருந்தார்கள். தாங்களே வாக்கியம் அமைத்து, எதிரே இருப்பவருக்குப் புரியும்படி சொல்லி முடிக்கும் வாய்ப்பு வகுப்பறையில் அவர்களுக்குப் போதவில்லை.

தங்கிப் படிக்கும் முகாம் கொடுக்கக்கூடியது அந்த வாய்ப்பைத்தான், அதுவும் பெரும்பாலும் வகுப்புக்கு வெளியே. சாப்பாட்டு மேசையில் தண்ணீர் ஜாடி எட்டாத தூரத்தில் இருக்கும். அதை வாங்க எதிரே இருப்பவளிடம் கேட்டாக வேண்டும். முதல் நாள் எழுந்து போய் எடுத்துக்கொள்வாள். மூன்றாம் நாள் 'வாட்டர், ப்ளீஸ்' என்பாள். அதற்கு அடுத்த வாரம், யாரோ ஜாடியைக் காலி செய்துவிட்டு நிரப்பாமல் வைத்ததற்குச் சண்டை போடுவாள். சண்டை வந்துவிட்டால் காசு வசூல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாலை நேர விளையாட்டுகளையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். 'மாஃபியா' என்று ஒன்று விளையாடுவார்கள். வட்டமாக உட்கார்ந்து, கூட்டத்தில் ஒளிந்திருக்கும் குற்றவாளி யார் என்று வாதாடிக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லோரும் தன்னையே கை காட்டும்போது, 'ஐ டிட் நாட் வென்ட் தேர்!' என்று ஒரு பிள்ளை கத்தும். வாக்கியம் தப்பு. இருந்தாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள், அவர்களுடைய கவலையெல்லாம் குற்றவாளியைப் பற்றி. தப்பைக் கவனிக்க நேரமில்லாத ஒரு கூட்டத்தில் பேசிப் பழகுவதுதான் உங்கள் மகளுக்கு இப்போது தேவையான மருந்து.

இதற்கு ஆராய்ச்சி ஆதாரமும் உண்டு. பிரெஞ்சு கற்ற ஆங்கிலம் பேசும் மாணவர்களை மூன்று விதமாக ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2004-இல் வெளிவந்தது. ஒரு குழு சொந்த ஊர்க் கல்லூரி வகுப்பில் படித்தது. இன்னொரு குழு வெளிநாட்டுக்கே போனது. மூன்றாவது குழு சொந்த நாட்டிலேயே, நாள் முழுக்கப் பிரெஞ்சிலேயே புழங்க வேண்டிய கோடைக்கால முழுமூழ்கல் பயிற்சியில் தங்கியது. பேச்சில் அதிகம் முன்னேறியது மூன்றாவது குழு. காரணம், வகுப்புக்கு வெளியே அதிக நேரம் பிரெஞ்சில் பேசியதும் எழுதியதும் அவர்கள்தான். வெளிநாடு போனவர்கள் ஓய்வு நேரத்தில் பிரெஞ்சைவிட ஆங்கிலத்தையே அதிகம் பயன்படுத்தியிருந்தார்கள். அமெரிக்காவில் மிடில்பெரி கல்லூரி 1915 முதல் கோடை மொழிப் பள்ளிகள் நடத்துகிறது. அங்கே சேருபவர்கள், படிக்க வந்த மொழியில் மட்டுமே பேசுவோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். வயதில் பெரியவர்களுக்கே அப்படி ஒரு கட்டுப்பாடு தேவைப்படுகிறது.

ஆகவே முகாமைத் தேர்ந்தெடுக்கும்போது பாடத்திட்டத்தைப் பற்றிக் குடையாதீர்கள், அது எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அறையில் யாரோடு யாரைப் போடுவார்கள் என்று கேளுங்கள். ஒரே வீட்டு மொழி பேசும் நான்கு பேரை ஓர் அறையில் போட்டால், இரண்டு வாரமும் அந்த மொழியில் அரட்டை அடித்துவிட்டுத் திரும்பி வருவாள். அது பாவமில்லை, சந்தோஷமாகத்தான் இருக்கும். நீங்கள் நினைத்த வேலை மட்டும் நடக்காது. மாலை நேரத்தை நடத்துவது யார் என்றும் கேளுங்கள். ஆசிரியர்கள் நாலு மணிக்குக் கிளம்பிவிட்டு, பிறகு வரும் உதவியாளர்கள் பிள்ளைகளோடு ஆங்கிலம் பேசாதவர்களாக இருந்தால், அது பகல் நேர டியூஷன், கூடவே ஒரு ஹாஸ்டல், அவ்வளவுதான். வீட்டு மொழியில் பேசிவிட்டால் என்ன செய்வீர்கள் என்றும் ஒரு கேள்வி போடுங்கள். 'அபராதம்' என்று பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம். கூச்சப்படும் பிள்ளை அபராதத்துக்குப் பயந்து ஆங்கிலம் பேசாது, வாயையே மூடிக்கொள்ளும். வகுப்பில் எத்தனை பேர், சேரும் நாளில் தேர்வு வைத்துத் திறனுக்கு ஏற்பப் பிரிக்கிறார்களா, ஊழியர்களின் பின்னணியைச் சரிபார்த்துத்தான் வேலைக்கு எடுக்கிறார்களா, இரவில் பிள்ளைகளுக்கு அருகில் தங்குவது யார் என்பதெல்லாம் நீங்களே கேட்பீர்கள். கடைசி இரண்டுக்கும் மழுப்பலாகப் பதில் வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இனி பிரிவு. வீட்டு ஏக்கம் வரும், அதில் சந்தேகமே வேண்டாம். முதல் சில நாள், குறிப்பாக விளக்கணைக்கும் நேரத்தில் அதிகமாக இருக்கும். அப்போது தொலைபேசியில் அழுதால், "பிடிக்கலைன்னா சொல்லும்மா, உடனே வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். முன்கூட்டியும் அப்படி வாக்குக் கொடுக்காதீர்கள். 2007-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் இதழில் வந்த வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. அப்படிச் சொன்னால், உன்னால் சமாளிக்க முடியாது என்று அம்மாவே நினைக்கிறாள் என்று பிள்ளைக்குத் தோன்றிவிடும். தவிர, ஏக்கம் வந்ததும் அதைச் சமாளிக்க யோசிக்காமல், கூப்பிட்டுப் போக ஆள் வருமா என்றே காத்திருக்கும். அதே வழிகாட்டுதல் சொல்லும் இன்னொன்று, போவதற்கு முன்பே பிரிந்து தங்கிப் பழக்குவது. அடுத்த மாதமே சொந்தக்காரர் வீட்டில் இரண்டு இரவு தங்க வையுங்கள், நீங்கள் போன் செய்யாமல்.

தினமும் இரவு வீடியோ காலில் பேசும் ஏற்பாடும் வேண்டாம் என்பேன். நாள் முழுக்க ஆங்கிலத்தில் சொல்ல முடியாமல் விழுங்கியதையெல்லாம் அந்த அரை மணியில் உங்களிடம் கொட்டிவிட்டால், மறுநாள் அறைத்தோழியிடம் சொல்ல அவளிடம் எதுவும் மிச்சம் இருக்காது. முகாம் அனுமதித்தால் மூன்று நாளைக்கு ஒருமுறை பேசுங்கள். நடுவில் கடிதம் எழுதட்டும்.

திரும்பி வந்ததும், "எங்கே, மாமாவிடம் இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசிக் காட்டு" என்று விருந்தாளிகள் முன்னால் நிறுத்திவிடாதீர்கள், இரண்டு வாரத்தில் கிடைத்தது இரண்டு நிமிடத்தில் போய்விடும். முகாமில் கிடைத்த தோழியோடு வாரம் ஒருமுறை பேச ஒரு நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் வேறு அறையில் இருந்தால் நல்லது.

உங்கள் கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன், இதில் உங்கள் மகளுடைய விருப்பம் என்னவென்று ஒரு வரிகூட இல்லை. பணம் கட்டுவதற்கு முன் அவளிடம் கேளுங்கள். இரண்டு மூன்று முகாம்களின் விவரத்தை அவள் கையிலேயே கொடுத்து, நான் மேலே சொன்ன கேள்விகளை அவளையே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். கண்டிப்பாக மாட்டேன் என்றால் இந்த வருடம் விட்டுவிடுங்கள், 15 வயதிலும் போகலாம்.