கழுவிப் பயன்படுத்தும் ஏர் ஃபில்டர்: காற்றடிக்கலாமா, இன்ஜின் ஆயில் பூசலாமா?

கேள்வி: என் பெட்ரோல் காரில் காகித ஏர் ஃபில்டருக்குப் பதிலாக, கழுவி மறுபடியும் பயன்படுத்தக்கூடிய பருத்தி ஃபில்டரைப் பொருத்தியிருக்கிறேன். ஓராண்டுக்கு மேல் ஓடியதில் அது நன்றாகக் கறுத்துவிட்டது. கம்ப்ரசரால் காற்றடித்து, கொஞ்சம் இன்ஜின் ஆயில் தடவினால் போதும் என்கிறார் மெக்கானிக். அப்படிச் செய்யலாமா? வீட்டிலேயே கழுவ முடியுமா? கழுவினால் மைலேஜ் கூடுமா?

பதில்: மெக்கானிக் சொன்ன இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். வீட்டிலேயே தாராளமாகக் கழுவலாம். இந்த ஃபில்டரைக் கழுவுவது எளிது. ஆனால் முழுதாக உலர விடுவதிலும், எண்ணெயை அளவோடு பூசுவதிலும்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள்.

இவ்வகை ஃபில்டரில் அலுமினியக் கம்பிவலை இரண்டுக்கு நடுவே, தளர்வாக நெய்த பருத்தித் துணி சில அடுக்குகளாக மடித்து வைக்கப்பட்டிருக்கும். அத்துணியின் கண்கள் தூசித் துகளைவிடப் பெரியவை. அப்படியிருந்தும் தூசி உள்ளே போகாமல் நிற்பதற்குக் காரணம், நூலிழைகளில் ஊறியிருக்கும் பிசுபிசுப்பான எண்ணெய்தான். எண்ணெய் இல்லாத பருத்தி ஃபில்டர் பாதி ஃபில்டர்கூட இல்லை. கம்ப்ரசர் காற்றின் வேகம் இழைகளை விலக்கி, ஓட்டைகளை நிரந்தரமாக்கிவிடும். இன்ஜின் ஆயிலோ இழையைப் பற்றி நிற்பதற்காகத் தயாரிக்கப்பட்டதன்று. சூட்டில் இளகி மடிப்பின் அடியில் வடிந்து தேங்கும், மேற்புறம் வறண்டுபோகும்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிவதற்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்றை இன்ஜின் இழுத்துக்கொள்கிறது. நம் சாலைத் தூசியில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் மணல், சிலிண்டர் சுவரின் இரும்பைவிடக் கடினமானது. அது உள்ளே புகுந்தால் பிஸ்டன் ரிங்குகளும் சிலிண்டர் சுவரும் தேயும். இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்காமல் அந்தத் தேய்மானத்தைச் சரிசெய்ய முடியாது. ஆகவே, ஃபில்டர் உலரும் வரை அது இல்லாமலேயே வண்டியை ஓட்டலாம் என்ற எண்ணமே வேண்டாம், பக்கத்துக் கடைவரைக்கும்கூட. பழைய காகித ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால், இந்த இடைவெளியில் அதை மாட்டிக்கொள்ளலாம்.

முதலில் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள்: ஃபில்டர் அழுக்காகத் தெரிவதும் அது கழுவும் நிலையில் இருப்பதும் ஒன்றல்ல. வெளிப்புறம் முழுவதும் கம்பிவலை இன்னும் கண்ணுக்குத் தெரிகிறதென்றால், கறுத்திருந்தாலும் அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. வலையே தெரியாதபடி தூசி படிந்த பிறகு கழுவினால் போதும். இத்தகைய ஃபில்டர்களை 1969 முதல் தயாரித்துவரும் அமெரிக்க நிறுவனமான கே அண்ட் என், சாதாரண நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு ஏறத்தாழ 80,000 கிலோமீட்டர் என்று கணக்குச் சொல்கிறது. செம்மண் சாலையும் கட்டுமானப் புழுதியும் நிறைந்த ஊர்களில் அவ்வளவு தூரம் தாங்காது. எனவே கிலோமீட்டரைப் பார்க்காமல் வலையைப் பாருங்கள். ஒவ்வொரு சர்வீசிலும் கழுவுவது அக்கறைபோலத் தோன்றினாலும், அளவுக்கு மீறிய ஒவ்வொரு கழுவலும் துணியின் ஆயுளையே குறைக்கிறது.

எண்ணெய் தேவைப்படாத செயற்கை இழை ஃபில்டர்களும், ஸ்பாஞ்சு ஃபில்டர்களும் சந்தையில் உண்டு. முன்னதில் எண்ணெய் பூசவே கூடாது. பின்னதற்குத் தனி எண்ணெய். நான் கீழே சொல்வது பருத்தி ஃபில்டருக்கு மட்டும்.

இன்ஜின் ஆறிய பிறகு ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகளைக் கழற்றி, எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்பதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு, தூசி உள்ளே கொட்டாதபடி ஃபில்டரை நேராகத் தூக்குங்கள். பெட்டியின் அடியில் கிடக்கும் மணலையும் சருகையும் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ஃபில்டரை மெல்லத் தட்டி, மென்மையான பிரஷ்ஷால் மேல்தூசியை நீக்கிவிட்டு, அதற்கென்றே விற்கப்படும் கிளீனரை இருபுறமும் நனையத் தெளித்துப் பத்து நிமிடம் நிழலில் ஊறவிடுங்கள். கிளீனர் காய்ந்துபோக விடாதீர்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர், சோடா கலந்த சலவைத்தூள் ஆகியவை ஃபில்டரைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பையோ அலுமினிய வலையையோ கெடுக்கக்கூடியவை.

அலசும்போது தண்ணீர் உட்புறத்திலிருந்து, அதாவது சுத்தமான பக்கத்திலிருந்து வெளிப்புறமாக ஓட வேண்டும். எதிர்ப்பக்கமாகப் பிடித்தால் அழுக்கு துணிக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். சாதாரணக் குழாய்த் தண்ணீரின் வேகமே போதும். வாட்டர் சர்வீஸ் கடையின் பிரஷர் கன் பக்கமே கொண்டுபோக வேண்டாம். வடியும் தண்ணீர் தெளியும் வரை அலசி, தேவைப்பட்டால் கிளீனரை மறுமுறை தெளித்து அலசி, உதறிவிட்டு நிழலில் சாய்த்து வையுங்கள். ஹேர் டிரையர், அடுப்புச் சூடு எதுவும் வேண்டாம், பருத்தி சுருங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் ஓரிரவு போதாமல் மறுநாளும் ஆகலாம். மேற்புறத்தைத் தொட்டுப் பார்த்து ஏமாற வேண்டாம். மடிப்பின் அடிப்பள்ளத்தில்தான் ஈரம் கடைசிவரை நிற்கும். ஈரம் இருக்கும் இழையில் எண்ணெய் ஊறாது.

எண்ணெயும் ஃபில்டருக்கென்றே விற்கப்படுவதாக இருக்க வேண்டும். பூசிய இடம் தெரிவதற்காகப் பெரும்பாலும் அதில் சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள். ஸ்பிரே என்றால் மடிப்பு ஒவ்வொன்றின் மீதும் ஒருமுறை மட்டும். புட்டி என்றால் மடிப்பின் நீளத்துக்கு ஒரு மெல்லிய கோடு மட்டும். அதன்பின் இருபது நிமிடம் கைவைக்காமல் விட்டுவிட்டால், எண்ணெய் தானாகவே துணியில் பரவும். பிறகு மறுபுறம் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் அங்கு மட்டும் இன்னும் சிறிது விடுங்கள். சொட்டும் அளவுக்கு இருந்தால் டிஷ்யூ தாளால் ஒற்றியெடுத்துவிட வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல கார்களில் ஃபில்டருக்கு அடுத்தபடியாகவே, உள்ளே வரும் காற்றை அளக்கும் எம்.ஏ.எஃப். சென்சார் இருக்கிறது. அதனுள் சூடேற்றப்பட்ட நுண்கம்பி ஒன்று, காற்று தன்னைக் குளிர்விக்கும் அளவைக்கொண்டு காற்றின் எடையைக் கணிக்கிறது. மிகையான எண்ணெய் அதன்மேல் படிந்தால் கணக்குப் பிசகி, செக் இன்ஜின் விளக்கு எரியும், ஸ்கேனரில் பி0101, பி0171 போன்ற குறியீடுகள் வரலாம், ஐட்லிங் தடுமாறும். அப்படி நேர்ந்தால் எம்.ஏ.எஃப். கிளீனர் ஸ்பிரே மட்டுமே பயன்படுத்த வேண்டும். பஞ்சோ துணியோ பட்டால் கம்பி அறுந்துவிடும். காற்றழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் கார்களில் இந்தத் தொல்லை குறைவு.

மைலேஜைப் பொறுத்தவரை பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட சோதனையில், ஃபில்டர் அடைத்திருந்தபோதும் நவீன எரிபொருள் இன்ஜெக்‌ஷன் கார்களின் மைலேஜ் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை, வண்டி வேகமெடுக்கும் திறன்தான் குறைந்தது. காற்று குறைந்தால் கணினி பெட்ரோலையும் குறைத்துவிடுகிறது. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகளின் கதை வேறு.

மாட்டும்போது ரப்பர் விளிம்பு பள்ளத்தில் சுற்றிலும் சரியாக உட்கார்ந்த பிறகே கிளிப்புகளைப் போடுங்கள். விளிம்பு ஓரிடத்தில் மடங்கியிருந்தால் தூசி அந்த வழியாகவே நுழையும், மற்ற உழைப்பெல்லாம் வீண். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் பெட்டியைத் திறந்து, ஃபில்டருக்கு அப்பால் இருக்கும் காற்றுக்குழாயின் உட்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மணல் நறநறத்தால் விளிம்பை மீண்டும் சோதியுங்கள். விளிம்பு சரியாக இருந்தும் மணல் வருகிறது, அல்லது துணி கிழிந்திருக்கிறது, அல்லது ரப்பர் வெடித்திருக்கிறது என்றால், அதை இனிக் கழுவ வேண்டாம், மாற்றிவிடுங்கள்.