சோலார் மட்டுமே உள்ள தோட்ட வீட்டில் எல்இடி விளக்குகளை 12 வோல்ட்டில் நேரடியாக எரிக்கலாமா, இன்வெர்ட்டர் (பேட்டரி மின்சாரத்தைச் சாதாரண வீட்டு ஏசி மின்சாரமாக மாற்றும் கருவி) வழியாகத்தான் எரிக்க வேண்டுமா?

விளக்குகள் மட்டுமே தேவை என்றால் 12 வோல்ட் டிசியில், அதாவது பேட்டரியிலிருந்து நேரடியாக வரும் மின்சாரத்தில், எரியும் விளக்குகளே சிறந்தவை என்பது என் உறுதியான கருத்து. 9 வாட் எல்இடி விளக்குகள் நான்கை மாலையில் 5 மணி நேரம் எரித்தால் 180 வாட்-ஹவர் செலவாகும். ஆனால் விளக்கே எரியாதபோதும் 15 வாட் இழுக்கும் ஓர் இன்வெர்ட்டரை நாள் முழுவதும் அணைக்காமல் வைத்திருந்தால், அது மட்டுமே 360 வாட்-ஹவரைத் தின்றுவிடும், அதாவது விளக்குகளின் செலவைப்போல் இரு மடங்கு.

டிசி முறையில் முதலில் கவனிக்க வேண்டியது ஒயர். நான்கு விளக்குகளும் சேர்ந்து 3 ஆம்பியர் எடுக்கும்போது, 10 மீட்டர் தொலைவுக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் போட்டிருந்தால், போக வர 20 மீட்டரில் ஏறத்தாழ 0.7 வோல்ட் வழியிலேயே இழக்கப்படும், 2.5 சதுர மி.மீ. ஒயரில் இந்த இழப்பு 0.45 வோல்ட் அளவுக்குக் குறையும்.

லெட் ஆசிட் பேட்டரியின் மின்னழுத்தமும் ஒரே அளவில் நிற்பதில்லை, சார்ஜ் ஆகும்போது 14.4 வோல்ட் வரைகூட ஏறும். ஆகவே ரெசிஸ்டர் மட்டும் வைத்த மலிவான எல்இடி ஸ்டிரிப்புகளைத் தவிர்த்து, விலை சற்றுக் கூடினாலும், மின்னோட்டத்தைச் சீராக வைத்திருக்கும் டிரைவர் உள்ள விளக்குகளையே வாங்குங்கள். பேட்டரிக்கு அருகிலேயே பாசிட்டிவ் ஒயரில் ஒரு ஃபியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும், ஏனெனில் ஷார்ட் ஆனால் சிறிய பேட்டரிகூட ஒயர் தீப்பிடிக்கும் அளவுக்கு மின்னோட்டத்தைக் கொட்டிவிடும்.