எல்காருக்கு ஆசிரியரே இல்லையா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. கீபோர்டில் ஐந்தாம் கிரேடு முடித்திருக்கிறான். இசையமைப்பாளராக வேண்டும் என்று உறுதியாக இருக்கிறான். விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் எட்வர்ட் எல்கார் யாரிடமும் படிக்காமல் தாமாகவே இசையமைக்கக் கற்றவர் என்று படித்ததிலிருந்து, வகுப்பே வேண்டாம் என்கிறான். அவன் சொல்வது சரிதானா? வகுப்பை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். எல்காரைப் பற்றித் தங்கள் மகன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இசையமைப்பை அவருக்கு எவரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை என்பது சரி. ஆனால் வாத்தியம் வாசிப்பதில் அவருக்கு ஆசிரியர் இல்லாமல் இல்லை. எட்டு வயதுக்குள்ளாகவே உள்ளூர் ஆசிரியர்களிடம் பியானோவும் வயலினும் கற்கத் தொடங்கிவிட்டார். 1877, 78-ஆம் ஆண்டுகளில் லண்டனுக்குச் சென்று அடால்ஃப் போலிட்சர் என்ற தேர்ந்த வயலின் ஆசிரியரிடம் மேல்பயிற்சியும் பெற்றார்.

அதைவிடப் பெரிய பள்ளி அவருடைய வீடுதான். 1857-இல் வூஸ்டருக்கு அருகிலுள்ள பிராட்ஹீத் கிராமத்தில் பிறந்த எல்காரின் தந்தை பியானோக்களுக்குச் சுருதி கூட்டுபவர்; வூஸ்டர் ஹை ஸ்ட்ரீட்டில் இசைக்கருவிகளும் இசைநூல்களும் விற்கும் கடை வைத்திருந்ததோடு, செயின்ட் ஜார்ஜ் கத்தோலிக்கத் தேவாலயத்தில் ஆர்கனும் வாசித்து வந்தார். பெரிய மாளிகைகளுக்குச் சுருதி கூட்டச் செல்லும்போது சில சமயம் மகனையும் உடன் அழைத்துச் செல்வார். விலை கொடுத்து வாங்க முடியாத ஸ்கோர்களை (எல்லா வாத்தியங்களுக்கும் உரிய இசைக்குறிப்புகள் அடங்கிய நூல்களை)க் கடை அலமாரியிலிருந்து எடுத்துப் படிக்கவும், கையில் கிடைத்த வாத்தியத்தை வாசித்துப் பார்க்கவும் வாய்ப்பிருந்த பையன், ஆசிரியரே இல்லாமல் வளர்ந்தான் என்று சொல்வது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

மேலும், வகுப்பு வேண்டாம் என்று அவர் ஒருபோதும் நினைக்கவில்லை. ஜெர்மனியின் லைப்சிக் இசைக்கல்லூரியில் சேர வேண்டும் என்பதற்காக ஜெர்மன் மொழியைக்கூடப் படித்தார். குடும்பத்தில் பணம் இல்லாததால் 15 வயதில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர நேர்ந்தது. பட்டாள பாண்ட் மாஸ்டரின் மகனான ஆங்கில இசையமைப்பாளர் ஆர்தர் சல்லிவனும் இதைப் போலவே வாத்தியங்களுக்கு நடுவில் வளர்ந்தவர்தான். ஆனால் மெண்டல்சன் உதவித்தொகை கிடைத்ததால் 16 வயதில் லைப்சிக் சென்று, 1862-இல், தம் இருபதாவது வயதை எட்டும் தருணத்திலேயே, லண்டனில் பெயர் பெற்றுவிட்டார். எல்கார் ‘எனிக்மா வேரியேஷன்ஸ்’ என்ற ஆர்கெஸ்ட்ரா படைப்பின் மூலம் அந்த நிலையை எட்டிய 1899-இல் அவருக்கு 42 வயது. தாமதத்திற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், இந்தக் கணக்கைத் தங்கள் மகனிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

அவரைப் பின்பற்றத்தான் வேண்டும் என்றால் இரண்டு விஷயங்களில் பின்பற்றலாம். முதலாவது, எழுதியதை உடனே வாசித்துக் கேட்க ஆட்களைத் தேடிக்கொண்டது. கடைக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் நண்பர்களும் தம்பியுமாக ஐந்து பேர் கூடி வாசித்த காற்றுக்கருவிக் குழுவுக்கு அவர் பாஸூன் வாசித்துக்கொண்டே இசையும் எழுதினார். 1879 முதல் ஐந்து ஆண்டுகள் பொவிக் மனநலக் காப்பகத்தின் ஊழியர் வாத்தியக் குழுவை நடத்தினார். பிக்கலோ, குழல், கிளாரினெட், இரண்டு கார்னெட், யூஃபோனியம், வயலின்கள், டபுள் பாஸ், பியானோ என்று எந்தப் பாடநூலும் பரிந்துரைக்காத அந்தச் சேர்க்கைக்கு நடன இசை எழுதியபோதுதான் எந்த வாத்தியம் எதை அமுக்கிவிடும் என்பதைக் காதாலேயே அறிந்துகொண்டார். தங்கள் மகனுக்குக் கணினியில் ஒலிக்கும் ஆர்கெஸ்ட்ரா இதற்கு ஈடாகாது. பள்ளியில் குழல் வாசிக்கும் ஒரு நண்பன் இருந்தால் அவனுக்காக எழுதச் சொல்லுங்கள், மூச்சு வாங்க இடம் விடவில்லை என்று அவனே குறை சொல்வான்.

இரண்டாவது, மாதிரியை வைத்து எழுதும் பயிற்சி. மோட்சார்ட்டின் ஜி மைனர் சிம்ஃபனியில் உள்ள அதே வாத்தியங்கள், அதே எண்ணிக்கையிலான பார்கள் (தாளக் கட்டங்கள்), முடிந்தவரை அதே கீ மாற்றங்கள் (ஆதார சுருதி மாறும் இடங்கள்) ஆகியவற்றை வரையறையாக வைத்துக்கொண்டு, எல்கார் தம் சொந்த மெட்டுகளில் ஒரு சிம்ஃபனி எழுத முயன்றார். தமக்கு இந்த அளவுக்குக் கற்றுக்கொடுத்த பயிற்சி வேறு இல்லை என்று பிற்காலத்தில் சொன்னார்.

தங்கள் மகன் சிம்ஃபனியில் தொடங்க வேண்டியதில்லை. இசையமைப்பாளர் பாக்கின் மனைவி ஆனா மக்டலேனா பாக்கின் இசைக் குறிப்பேட்டில் உள்ள ஜி மேஜர் மினுவெட் என்ற சிறு நடன இசையை அவன் ஏற்கெனவே வாசித்திருப்பான். அது 32 பார்கள். 16, 16 என இரு பகுதிகள். முதல் பகுதி ஜி மேஜரிலேயே முடியும். இரண்டாவது பகுதியின் முதல் எட்டு பார்களுக்குள் டி மேஜருக்குப் போய், கடைசி எட்டில் திரும்பும். வெற்றுத் தாளில் 32 பார்களைக் கோடிட்டு, கீ மாறும் இடங்களை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டு, மெட்டைத் தானே எழுதட்டும். எழுதி முடித்ததும் அதை இப்போதைய கீபோர்டு ஆசிரியரிடமே கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள்.