முதல் பிரதி, முதல் வாசகர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான்கு வருடங்களாக ஒரு நாவல் எழுதிவந்தேன். வேலைக்குக் கிளம்பும் முன் காலையில் ஒன்றரை மணி நேரம், விடுமுறை நாட்களில் கொஞ்சம் கூடுதலாக. ஆறு மாதத்துக்கு முன்னால் கடைசி அத்தியாயத்தை முடித்தேன். மொத்தம் 340 பக்கங்கள். இதுவரை ஒருவரிடமும் ஒரு பக்கம்கூடக் காட்டவில்லை. என் கணவரும் படித்ததில்லை.

நிறைய வாசிக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். கொடுங்கள், படிக்கிறேன் என்கிறார். நான்தான் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போகிறேன். அனுப்பலாம் என்று உட்கார்ந்தால் முதல் அத்தியாயத்தைத் திருத்த ஆரம்பித்துவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை முதல் வாக்கியத்தை மாற்றினேன். ஏதோ சந்தேகத்தில் பழைய கோப்பைத் திறந்து பார்த்தால், நான்கு மாதத்துக்கு முன்னால் இருந்த அதே வாக்கியம். ஒரு சொல்கூட மாறவில்லை. அழுகை வந்துவிட்டது.

பிரதி தயாராகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் யாரிடம் கொடுப்பது? அவர் நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டால் இந்த நான்கு வருடம் என்ன ஆகும்? இந்தக் கடைசிக் கேள்விதான் என்னைத் தூங்கவிடுவதில்லை. பெயர் வேண்டாம், முதலெழுத்து போதும்.

ர.

அன்புள்ள ர.,

340 பக்கம் எழுதி முடித்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் என் வாழ்த்து. நாவல் எழுதப் போகிறேன் என்று எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் நிறையப் பேர். முடித்துவிட்டேன் என்று எழுதுகிறவர்கள் வெகு சிலர். நான்கு வருடம் தினமும் காலையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். யார் என்ன சொன்னாலும் அது இனி இல்லை என்று ஆகாது.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. எடுத்த வாக்கியத்தையே திரும்பக் கொண்டுவந்து வைத்தீர்கள் இல்லையா, அதுதான் அடையாளம். தனியாக உட்கார்ந்து செய்யக்கூடியதை நீங்கள் செய்து முடித்துவிட்டீர்கள். இதற்கு மேல் நடப்பது திருத்தம் இல்லை. அறைக்குள்ளேயே நடந்து நடந்து கால் வலிப்பது போலத்தான்.

ஏன் அப்படி ஆகிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்களிடம் இப்போது இரண்டு நாவல்கள் இருக்கின்றன. ஒன்று தாளில், இன்னொன்று மனதில். 'அவள் கதவைத் திறந்தாள்' என்று எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு அந்தக் கதவை நான்கு வருடமாகத் தெரியும். மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு அடியில் உரசும். தாழ்ப்பாளை மேலே தூக்கித்தான் இழுக்க வேண்டும். அதன் வழியாகத்தான் அவள் தம்பி ஒருநாள் சொல்லாமல் போனான். அந்த வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம் உரசும் சத்தம் உங்களுக்குக் கேட்கிறது. தாளில் இருப்பதோ வெறும் கதவு. அந்தச் சத்தம் தாளில் இருக்கிறதா இல்லையா என்பதை உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது. ஏனென்றால் உங்களுக்கு எப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். கதவைத் தெரியாத ஒருவர் படித்தால்தான் தெரியும்.

கைதேர்ந்தவர்களுக்கும் இதுதான் நிலைமை. அமெரிக்க நாவலாசிரியர் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1924இல் 'தி கிரேட் கேட்ஸ்பி' பிரதியைத் தன் பதிப்பாசிரியர் மேக்ஸ்வெல் பெர்க்கின்ஸுக்கு அனுப்பினார். அவருடைய மூன்றாவது நாவல் அது. பெர்க்கின்ஸ் மனம்விட்டுப் பாராட்டிவிட்டு ஒரு குறையைச் சொன்னார். மற்றவர்களெல்லாம் கண்முன்னால் நிற்கிறார்கள், நாயகன் கேட்ஸ்பி மட்டும் மங்கலாக இருக்கிறான், அவன் எப்படி இருப்பான், பணம் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் பிடிபடவில்லை என்றார். ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதிய பதிலை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கேட்ஸ்பி எப்படி இருப்பான், என்ன தொழில் செய்கிறான் என்பது தனக்கே தெரியவில்லை, அதை நீங்கள் உணர்ந்துவிட்டீர்கள் என்று ஒப்புக்கொண்டார். அப்புறம், பிழை பார்ப்பதற்காக அச்சடித்து வந்த மெய்ப்புத் தாள்களிலேயே பெரிய அளவில் திருத்தி எழுதினார். 1925இல் நாவல் வெளிவந்தது. தன் நாயகனைத் தனக்குத் தெரியாது என்பதே அவருக்கு இன்னொருவர் படித்த பிறகுதான் தெரிந்தது.

அதனால் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு சுற்று மட்டும் செய்யுங்கள். மூன்று வாரம் கோப்பைத் திறக்காதீர்கள். பிறகு முழுவதையும் அச்செடுத்து, முதலிலிருந்து கடைசி வரை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு எங்கே தடுக்கிறதோ அங்கே ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். உட்கார்ந்து திருத்த வேண்டாம். உரையாடல்களைச் சத்தமாகப் படித்தால் இன்னொன்றும் தெரியும்: பாட்டியும் பத்து வயதுப் பையனும் ஒரே மாதிரி பேசிக்கொண்டிருப்பார்கள். கோடு போட்ட இடங்களை ஒருமுறை சரிசெய்யுங்கள். அதோடு நிறுத்திவிடுங்கள். முதல் அத்தியாயத்தை மட்டும் தொடவே தொடாதீர்கள். நாவலை முழுதாகப் படித்த ஒருவர் சொன்ன பிறகு, அந்த அத்தியாயமே போய் வேறொன்று வந்தாலும் வரும்.

பிரதிக்கு இரண்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். வரலாற்றாசிரியர் தாமஸ் கார்லைல் 1835இல் பிரெஞ்சுப் புரட்சி பற்றிய தன் நூலின் முதல் பாகத்தை நண்பர் ஜான் ஸ்டூவர்ட் மில்லிடம் படிக்கக் கொடுத்தார். மில்லின் பொறுப்பில் இருந்தபோது, வேலைக்காரப் பெண் குப்பைக் காகிதம் என்று நினைத்து அதை எரித்துவிட்டாள். வேறு நகல் இல்லை. கார்லைல் முழுவதையும் மறுபடி எழுதினார்.

சரி, யாரிடம் கொடுப்பது? இதில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

என் முதல் நாவலை ஒரே நாளில் மூன்று பேருக்குக் கொடுத்தேன். மூன்று பேருமே எழுதுகிறவர்கள், நான் மதித்தவர்கள். ஒருவர், அந்த அம்மா பாத்திரம்தான் நாவலின் உயிர் என்றார். இன்னொருவர், அம்மாவை எடுத்துவிட்டால் நாவல் தேறிவிடும் என்றார். மூன்றாமவருக்கு மொழி கனமாக இருந்தது. மூன்று பேரையும் திருப்திப்படுத்தப் பார்த்தேன். அம்மாவைப் பாதியாக்கினேன், மொழியைக் கரைத்தேன். ஒரு வருடம் போயிற்று. கடைசியில் கையில் இருந்தது என்னுடையதும் இல்லை, அவர்களுடையதும் இல்லை. அந்த ஒரு வருடம் போனதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. அவர்கள் மேல் தப்பில்லை. ஆளுக்கொரு நாவலை மனதில் வைத்துக்கொண்டு படித்தார்கள். எழுதுகிறவர்கள் அப்படித்தான் படிப்பார்கள்.

பிறகு பழைய பிரதியை எடுத்து, என்னோடு வேலை பார்த்த ஓர் அக்காவிடம் கொடுத்தேன். அவர் எழுதுகிறவர் இல்லை. இலக்கியம் பற்றிப் பேசியும் நான் கேட்டதில்லை. ஆனால் இரவில் படிக்காமல் தூங்க மாட்டார், வாரம் ஒரு நாவலாவது முடிப்பார். நாற்பது நாள் கழித்துப் பிரதியைத் திருப்பிக் கொடுத்தார். "நல்லா இருந்துச்சு. நடுவுல கொஞ்சம் வேலை ஜாஸ்தி, அதான் லேட்டாயிடுச்சு" என்றார். அவ்வளவுதான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்து தாள்களைப் புரட்டினேன். படித்து நிறுத்துகிற இடத்தில் பக்கத்தின் மேல் முனையைச் சின்ன முக்கோணமாக மடித்து வைப்பது அவர் வழக்கம். மறுநாள் பிரித்துவிட்டாலும் மடிப்புக்கோடு தாளில் நிற்கும். முதல் 130 பக்கத்தில் மூன்றே மடிப்புகள். 140இலிருந்து 175க்குள் ஒன்பது. அதற்கப்புறம் கடைசி வரை இரண்டு. தாளை விளக்குக்கு நேராகச் சாய்த்துச் சாய்த்து ஒவ்வொன்றாக எண்ணினேன். ஒன்பது இரவுகள் அந்த முப்பத்தைந்து பக்கத்தில் அவர் தூங்கிப் போயிருக்கிறார். அல்லது மூடி வைத்திருக்கிறார். அது நாயகனின் அப்பா கதை. ஒரு வருடம் தகவல் சேகரித்து எழுதியது. நாவலிலேயே எனக்குப் பெருமையான பகுதி அதுதான்.

முப்பத்தைந்தை ஆறு பக்கமாக்கினேன். அம்மாவைத் தொடவே இல்லை. நாவல் வெளிவந்தபோது அப்படித்தான் வந்தது.

அதனால் என் பதில் இது. ஒருவர் போதும். எழுதுகிறவரைவிடப் படிக்கிறவர் மேல். உங்கள் நண்பர் நிறைய வாசிப்பவர் என்கிறீர்கள், அவரே சரியான ஆள். அவர் எழுதவும் முயல்கிறவர் என்றால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.

உங்கள் கணவரிடம் முதலில் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். அன்பு குறைவு என்பதால் சொல்லவில்லை. வீட்டில் இருப்பவர் நாவலைப் படிக்க மாட்டார், உங்களைப் படிப்பார். இந்தக் கோபம் யார் மேல், இந்த வீடு எந்த வீடு, இதில் வருகிற கணவன் நானா என்று தேடுவார். அது இயல்பு, யாராலும் தவிர்க்க முடியாது. ஆனால் அவரிடம் பேசிவிடுங்கள். நான்கு வருடமாக உங்கள் விடிகாலைகளை அவரும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறார். இன்ன நாளில் நண்பருக்கு அனுப்புகிறேன், அவர் சொன்னதும் உங்களுக்குத் தருகிறேன், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நேராகச் சொன்னால் புரிந்துகொள்வார். ஒளித்து வைத்திருப்பது போன்ற உணர்வு நீங்கினாலே உங்கள் தூக்கமின்மை பாதி குறைந்துவிடும்.

கொடுக்கும்போது என்ன கேட்கிறீர்கள் என்பது முக்கியம். 'எப்படி இருக்கிறது' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதற்கு 'நன்றாக இருக்கிறது' என்பதைத் தவிர நட்பில் வேறு பதில் கிடையாது. எங்கே நிறுத்திவிட்டு வேறு வேலை பார்க்கப் போனீர்கள், எந்த இடத்தில் யார் யாரென்று குழம்பினீர்கள், யார் சொன்னதை உங்களால் நம்ப முடியவில்லை என்று கேளுங்கள். இதற்கெல்லாம் விமர்சகராக இருக்க வேண்டியதில்லை, உண்மையைச் சொன்னால் போதும்.

அவர் பேசும்போது நீங்கள் பேசாதீர்கள். இது சொல்வதற்குச் சுலபம், செய்வதற்கு மிகவும் கஷ்டம். 'அவள் ஏன் திரும்பிப் போனாள் என்று புரியவில்லை' என்பார். உங்கள் வாய் உடனே விளக்கப் போகும். அந்த விளக்கத்தைச் சொல்லாமல் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தாளுக்கு வராமல் மனதிலேயே தங்கிவிட்ட வரி அதுதான்.

இனி உங்களைத் தூங்கவிடாத கேள்வி. 1849இல் பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளாபேருக்கு 27 வயது. புனித அந்தோணியாரைப் பற்றி ஒரு வருடத்துக்கும் மேலாக எழுதிய படைப்பை, லூயி பூயே, மாக்சிம் து காம் என்ற இரண்டு நண்பர்களை வீட்டுக்கு வரவழைத்துப் படித்துக் காட்டினார். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், நான்கு நாள். முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது ஏற்பாடு. நான்காம் நாள் இரவு நண்பர்கள் சொன்னார்கள்: இதை நெருப்பில் போடு, இனி இதைப் பற்றிப் பேசாதே.

இதைவிடக் கடுமையாக உங்கள் நண்பர் சொல்லப் போவதில்லை. ஃப்ளாபேர் இடிந்துதான் போனார். சில வாரங்களில் அதே து காமோடு எகிப்துக்குப் பயணம் கிளம்பினார். 1851இல் 'மதாம் பொவாரி'யை எழுத ஆரம்பித்தார், 1857இல் அது நூலாக வந்தது. எனக்கு இதில் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். அந்தப் பிரதியை அவர் நெருப்பில் போடவில்லை. திரும்பத் திரும்ப எழுதி 1874இல் வெளியிட்டார். நண்பர்கள் சொன்னதைக் கேட்டார், அதனால் வேறொரு நாவல் எழுதினார். தனக்கு வேண்டியதைக் கைவிடவும் இல்லை. 'நன்றாக இல்லை' என்ற சொல்லுக்குப் பின்னால் இருபத்தைந்து வருடம் இருந்தது.

உங்கள் நான்கு வருடம் எங்கேயும் போகாது, ர. முதல் பக்கத்தை எழுதிய ஆளும் 340ஆம் பக்கத்தை எழுதிய ஆளும் ஒருவர் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் உங்களுக்கே தெரியும். அந்த வித்தியாசத்தை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது.

அனுப்பிய பிறகு காத்திருக்கும் நாட்கள் நீளமாக இருக்கும். இரண்டு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன் செய்து கேட்காதீர்கள், அவர் அவசரமாகப் படித்தால் உங்களுக்குத்தான் நஷ்டம். காலையில் அந்த ஒன்றரை மணி நேரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். நாவலை எழுத வேண்டாம், எதையாவது எழுதுங்கள். அந்த நேரத்துக்கு எழுந்து பழகிய உடம்பு, விட்டால் திரும்ப வர ரொம்ப நாளாகும்.

முடிந்தால் கோப்பாக அனுப்பாமல் தாளில் கொடுங்கள். பக்கத்தை மடிக்கலாம், கிறுக்கலாம், எதுவும் தப்பில்லை என்று நண்பரிடம் சொல்லியே கொடுங்கள். பிரதி திரும்பி வந்ததும் எனக்கு எழுதுங்கள். அவர் என்ன சொன்னார் என்பதோடு, எந்தப் பக்கங்களில் மடித்திருந்தார் என்பதையும்.