நீக்கிய வீடியோவை மீட்க 8,000 ரூபாயா? கொடுக்காதீர்கள்

கேள்வி: எண்ணூரில் குடியிருக்கிறேன். ராத்திரியில் வரும் நெடியைப் பற்றிப் பேசி, ஒரு ஆலை வாசலில் எடுத்த வீடியோவை ஃபேஸ்புக்கில் போட்டேன். கோபத்தில் "இவனுங்கள கொளுத்தணும்" என்றும் சொல்லிவிட்டேன். சமூக நெறிமுறைகளுக்கு எதிரானது என்று நீக்கிவிட்டார்கள். பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர் 8,000 ரூபாய் கொடுத்தால் மீட்டுத் தருவதாகச் சொல்கிறார். நண்பர்கள் பேச்சுரிமை வழக்குப் போடச் சொல்கிறார்கள். ஸ்டேஷனிலிருந்து பேசுவதாக ஒருவர், மற்ற பதிவுகளையும் எடுக்கச் சொல்லி போனில் மிரட்டுகிறார். நான் என்ன செய்வது?

பதில்: முதல் வேலையாக அந்த 8,000 ரூபாயைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபேஸ்புக்குக்குள் போக அவரிடம் தனி வழி எதுவும் இல்லை. உங்கள் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் வாங்கி, உங்கள் போனிலேயே இருக்கும் மறுபரிசீலனை பட்டனைத்தான் அவரும் அழுத்துவார். அதோடு நின்றால் பரவாயில்லை. கணக்கில் இருக்கும் போன் நம்பரை மாற்றிவிட்டு, திரும்பக் கொடுக்க இன்னும் பணம் கேட்பவர்களும் உண்டு. இன்னொரு கூட்டம், ஃபேஸ்புக்கை நடத்தும் கம்பெனியான மெட்டா பேசுவது போல, 'மெட்டா உதவி மையம்' என்ற பெயரில் மெசேஜ் அனுப்பி, இந்த லிங்கை அழுத்தாவிட்டால் 24 மணி நேரத்தில் கணக்கு போய்விடும் என்று பயமுறுத்தும். அழுத்தாதீர்கள். அப்புறம், பாரிமுனைப் பக்கம் யாராவது கம்பெனிக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பித் தருகிறேன் என்று வந்தால், அவர் உண்மையிலேயே வக்கீல்தானா என்று பார்க்காமல் வெற்று வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பாஸ்வேர்டை ஏற்கெனவே கொடுத்திருந்தால் இப்போதே மாற்றுங்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கை வெளியேற்றிவிட்டு, இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் போட்டு வையுங்கள். ஆன்லைனில் பணம் போயிருந்தால் 1930-க்கு உடனே பேசுங்கள். சீக்கிரம் பேசினால்தான் பணத்தை வங்கியிலேயே நிறுத்திவைக்க வழி இருக்கும்.

சரி, வழக்குக்கு வருவோம். அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு தரும் பேச்சுரிமை முதன்மையாக அரசின் கையைக் கட்டுவது. உங்கள் வீடியோவை நீக்கியது அரசு உத்தரவு அல்ல, ஒரு தனியார் கம்பெனி, தன் விதிப்படி நீக்கியிருக்கிறது. கணக்குத் திறக்கும்போது அந்த விதிகளுக்கு நீங்களும் சம்மதம் சொல்லியிருக்கிறீர்கள். இந்த நிலையில் ஹைகோர்ட்டுக்குப் போனால் செலவு நிச்சயம், பலன் சந்தேகம்.

நீக்கத்துக்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை யாரிடம் கேட்டாலும் அது வயிற்றெரிச்சலில் வரும் பேச்சு என்பார்கள். வடிகட்டும் கணினிக்கு அது வன்முறை மிரட்டல். தமிழில் விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கத் தெரிந்த கம்பெனி, வட சென்னைத் தமிழ் தெரிந்த ஒரு மனிதரை உட்காரவைத்து இதைக் கேட்கச் சொல்லக் கூடாதா? பதிலாக வருவது எல்லோருக்கும் போகும் அதே நாலு வரி. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

ஆனாலும் வழி இருக்கிறது. முதலில் செயலியிலேயே மறுபரிசீலனை கேளுங்கள். மறுத்தால் இந்தியாவுக்கான குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அவர் பெயரையும் தொடர்பு முகவரியையும் கம்பெனி வெளியிட்டாக வேண்டும். புகார் வந்து சேர்ந்ததை அவர் 24 மணி நேரத்துக்குள் உறுதிசெய்யவும் வேண்டும். சட்டக் கட்டுரை எல்லாம் எழுதாதீர்கள். "யாரையும் தாக்கச் சொல்லவில்லை, எங்கள் பகுதியின் காற்றைப் பற்றிய புகார் இது, அந்த வரி கோபத்தில் சொன்னது" என்பது போதும். 7 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால், மத்திய அரசு 2023-இல் அமைத்த மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். எல்லாம் ஆன்லைனில்தான், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். குறைதீர்ப்பு அதிகாரியின் பதில் கிடைத்த 30 நாளுக்குள் போட்டுவிட வேண்டும். புகார் எண்ணைத் தொலைத்துவிடாதீர்கள்.

இதற்கெல்லாம் காத்திருக்க முடியாதென்றால், அந்த வாக்கியத்தை வெட்டிவிட்டு வீடியோவைத் திரும்பப் போடுங்கள். வெட்டாமல் அப்படியே போட்டால் கணக்கே முடங்கலாம். வெட்டாத மூலப் பிரதி போனில் இருக்கட்டும், இன்னொரு இடத்திலும் நகல் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியில் தரமும் குறையும், எடுத்த தேதி, நேர விவரமும் போய்விடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோதும், அதே மாதம் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோதும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே விசாரணையைத் தொடங்கியது. அங்கே பேசப்போவது ஆதாரம்தான். அதனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் இந்த வீடியோவோடு ஒரு புகார் கொடுங்கள்.

ஆலையின் பெயரைச் சொல்லும்போது மட்டும் நிறையக் கவனம் வேண்டும். 1994-இல் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், அரசோ உள்ளாட்சி அமைப்போ அவதூறுக்காக நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. தனியார் ஆலைக்கு அந்தத் தடை கிடையாது. கிரிமினல் அவதூறும் செல்லும் என்று 2016-இல் தீர்ப்பாகிவிட்டது; இப்போது அது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு. உண்மையை, பொது நன்மைக்காகச் சொன்னால் அது அவதூறாகாது என்ற விலக்கு அதிலேயே இருக்கிறது. ஆனால் அது உண்மை என்று காட்ட வேண்டியவர் நீங்கள். "ராத்திரி 11 மணிக்கு இந்த வாசலில் நிற்கிறேன், கண் எரிகிறது" என்பது நீங்கள் அனுபவித்தது. அதைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. "இந்த ஆலைதான் வேண்டுமென்றே விஷவாயுவைத் திறந்துவிடுகிறது" என்பது ஊகம்; கோர்ட்டில் அதற்குப் பரிசோதனை அறிக்கை கேட்பார்கள். "அதிகாரிக்கு மாமூல் போகிறது" என்று ஒரு வரி சேர்த்தால் அந்த அதிகாரியும் தனியாக வழக்குப் போடலாம். பார்த்ததைச் சொல்லுங்கள். மற்றதைக் கேள்வியாக வாரியத்திடம் எழுதிக் கேளுங்கள்.

இனி அந்த போன். போனில் மிரட்டுவது உத்தரவு ஆகாது. பேசியவர் போலீஸ்தானா என்பதே முதலில் தெரியாது. பெயர், பதவி, ஸ்டேஷன், சிஎஸ்ஆர் (புகார் ரசீது) அல்லது எஃப்ஐஆர் எண் கேளுங்கள். எழுத்தில் கொடுங்கள் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். ஆன்லைனில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டிக்க வைத்திருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் உள்ளே வைப்பேன் என்றால், அந்தப் பிரிவையே ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று சுப்ரீம் கோர்ட் ரத்து செய்துவிட்டது. அப்படியும் அதில் வழக்குகள் நடந்துகொண்டே இருந்ததால், 2022-இல் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. செத்துப்போன சட்டத்தை வைத்து ஏழு வருஷம் ஜனங்களை அலையவிட்டதை என்னவென்று சொல்வது! பதிவை நீக்கும்படி கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்புவதைக்கூட, 2025 அக்டோபரில் திருத்திய விதிப்படி, காவல்துறையில் இதற்கென்று அதிகாரம் பெற்ற டிஐஜி நிலைக்குக் குறையாத அதிகாரிதான் செய்ய முடியும். பயந்துபோய் எதையும் அழிக்காதீர்கள்.

எழுத்தில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டால் கதை வேறு. குறித்த தேதியில் தவறாமல் போக வேண்டும், கூட ஒரு வக்கீல் இருப்பது நல்லது. வசதியில்லை என்றால் 15100-க்குப் பேசுங்கள். அது சட்டப்பணிகள் ஆணையத்தின் இலவச உதவி எண். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே வக்கீல் கிடைப்பார். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு உண்டு.